தடுப்பரண் – 9: ஏட்டில் ஏறாத எண்

அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர் டேவிட் ஜோன்ஸைச் சென்ற வாரம் தென் கரோலைனாவின் ஆரஞ்ச்பர்க்கில் விட்டுவிட்டு வந்தோம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் கலந்துகொண்டார் என்பதற்காகக் கல்லூரி அவருடைய உதவித்தொகையைப் பறித்துக்கொண்டது. உதவித்தொகை இல்லை என்றால் படிப்பும் இல்லை, ஆட்டமும் இல்லை. ஃபுளோரிடாவின் ஈட்டன்வில்லுக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே ஆண்டுகொள்ள 1887-லேயே அமைத்த சிற்றூர் அது. தலைநிமிர்ந்து வளர்ந்த ஊர்தான். ஆனால் அங்கே அவருக்கு வேலை ஏதும் காத்திருக்கவில்லை.

கை கொடுத்தவர் அதே கல்லூரியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர். அவர் மிசிசிப்பி வொகேஷனல் கல்லூரிக்கு மாறிப் போகிற நேரம். போராட்டத்தால் இடம் இழந்த மாணவர்களுக்கு அங்கே உதவித்தொகை வாங்கித் தருவதாகச் சொன்னார். ஜோன்ஸ் கிளம்பிவிட்டார்.

உரிமை கேட்டதற்குத் தண்டனை பெற்ற ஒருவர் அடைக்கலம் தேடிப் போன இடம், 1960-ன் மிசிசிப்பி! வெளியூர் ஆட்டங்களுக்குப் போனால் மோட்டல்களில் கறுப்பர்களுக்கு அறை கிடையாது. எதிரணிக் கல்லூரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் இரவு படுத்துக்கொள்வார்கள். மறுநாள் அந்தக் கல்லூரியோடுதான் ஆட்டம். இப்படி ஒரு பருவம் முழுக்க ஓடியது. செய்தித்தாள்களில் அவர் பெயர் வரவில்லை. பெரிய அணிகளின் தேர்வாளர்கள் யாரும் அந்தப் பக்கம் வரவில்லை.

வந்தது ஒரு படச்சுருள்தான். லாஸ் ஏஞ்சலீஸ் ராம்ஸ் அணியின் தேர்வாளர்கள் இருட்டறையில் உட்கார்ந்து படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்க்க உட்கார்ந்தது வேறொரு கல்லூரியின் ஓட்டக்காரரை. ஆனால் திரையில் அந்த ஓட்டக்காரரையே ஒருவர் துரத்திப் பிடிக்கிறார். ஆறடி ஐந்தங்குல உயரம். அத்தனை பெரிய உடம்போடு அப்படி ஓடுகிறவரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. யார் இவர்?

*

1961 தேர்வில் ராம்ஸ் அவரை எடுத்தது 14-வது சுற்றில். அவருக்கு முன்னால் 185 பேர் எடுக்கப்பட்டிருந்தார்கள். அவ்வளவு பின்னால் வருகிறவர்களில் பலர் பயிற்சி முகாமோடு வீடு திரும்புவார்கள். ஜோன்ஸுக்கு இது தெரியும். முகாமுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தனக்கு ஒரு புதுப் பெயர் வைத்துக்கொண்டார். லாஸ் ஏஞ்சலீஸ் டெலிபோன் டைரக்டரியில் டேவிட் ஜோன்ஸ்கள் ஏராளம், அப்படி ஒரு பெயரை யாரும் நினைவில் வைத்துக்கொள்ளமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். தேவாலய ஊழியரைக் குறிக்கும் டீக்கன் என்ற சொல்லை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து டீக்கன் ஜோன்ஸ்.

தன் பெயரை உலகம் மறந்துவிடக்கூடாது என்று வந்த முதல் நாளே கவலைப்பட்டவர் இவர். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கவலையைச் சுற்றித்தான்.

அமெரிக்க ஃபுட்பால் பழக்கமில்லாதவர்களுக்கு இரண்டு வரி. பந்து வைத்திருக்கும் அணியின் மூளை குவார்ட்டர்பேக். அவர் பின்வாங்கி நின்று, முன்னால் ஓடும் தன் ஆளுக்குப் பந்தை எறிவார். அவரைக் காக்க ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசையைப் பிளந்துகொண்டு போய், பந்து கையைவிட்டுப் போகும் முன் அவரைக் கீழே சாய்த்துவிட்டால் அதற்குப் பெயர் சாக். அந்தப் பெயரைப் புழக்கத்தில் விட்டவரே டீக்கன்தான் என்கிறார்கள்.

1963-ல் நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து ரோஸி கிரியர் வந்து சேர்ந்தார். இடது ஓரத்தில் டீக்கன், அவருக்குப் பக்கத்தில் மெர்லின் ஓல்சன், அடுத்து கிரியர், வலது ஓரத்தில் லமார் லண்டி. 'அஞ்சவைக்கும் நால்வர்' என்று ஊரே அழைத்த வரிசை இதுதான். டீக்கனுக்கு அவருடைய பயங்கர ஆயுதத்தைக் கற்றுக்கொடுத்தவர் கிரியர்.

அந்த ஆயுதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். எதிரே நிற்கும் காவலர் குனிந்து ஒரு கையைத் தரையில் ஊன்றியிருக்கிறார். அந்தக் காலத்து விதிப்படி காவலர்கள் கையை நீட்டித் தள்ளக்கூடாது, மார்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பந்து அசைகிறது. டீக்கனின் உள்ளங்கை விரிந்து சுழன்று வந்து அவருடைய ஹெல்மெட்டில், காதுத் துளை இருக்கும் இடத்தில், ஓங்கி விழுகிறது. அடி பட்டவர் கண்ணை மூடுவார். மூடாமல் இருக்க எந்த மனிதராலும் முடியாது. மீண்டும் திறக்கும்போது டீக்கன் அங்கே இல்லை, அவரைத் தாண்டி இரண்டு எட்டு போயிருப்பார். காவலர் இனி ஓடிப் பிடிப்பது நடக்காத காரியம். அடுத்த முறை டீக்கன் கையை லேசாகத் தூக்கினாலே போதும், அடி விழும் முன்பே காவலரின் தலை தானாக ஒதுங்கும். கண்டுபிடித்தவர் கிரியர், அதைக் கலையாக்கியவன் நான் என்பது டீக்கனின் நிலைப்பாடு.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வலது கையால் எறிகிற குவார்ட்டர்பேக்குக்கு முதுகுப் பக்கமாக வருகிறவரைத் தெரியாது. டீக்கன் நின்றது மறுபக்கம், எறிபவர் கண்ணில் படுகிற பக்கம். வருவதைப் பார்த்துக்கொண்டேதான் விழுந்தார்கள்.

*

1967 டிசம்பர் 9. லாஸ் ஏஞ்சலீஸ் கொலிசியம். அன்று டீக்கனுக்கு 29 வயது நிறைகிறது. எதிரில் பயிற்சியாளர் வின்ஸ் லொம்பார்டியின் கிரீன் பே பேக்கர்ஸ். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டும் அவர்கள்தான் சாம்பியன். ராம்ஸ் தோற்றால் கதை முடிந்தது.

ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. பேக்கர்ஸ் 24–20 என்று முன்னால் நிற்கிறார்கள். பந்தை உதைத்துத் தள்ளிவிட்டால் போதும், வெற்றி அவர்களுக்கு. உதைத்தார்கள். ராம்ஸின் டோனி கில்லரி பாய்ந்து அந்த உதையைத் தடுத்தார். பந்து ராம்ஸ் கைக்கு வந்தது. சற்று நேரத்தில் பெர்னி கேசி எல்லைக்குள் பந்தைப் பிடித்தார். 27–24!

அடுத்த வாரம் பால்டிமோர் கோல்ட்ஸ். அதுவரை ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் வந்திருந்த அணி, குவார்ட்டர்பேக் ஜானி யுனைடஸின் அணி. டீக்கனும் தோழர்களும் யுனைடஸை நிற்கவிடவில்லை. 34–10. இரண்டு அணிக்கும் 11 வெற்றி, 1 தோல்வி, 2 சமன் என்று ஒரே கணக்கு. நேரடி மோதலில் மேலே நின்றதால் ராம்ஸ் முன்னேறியது, கோல்ட்ஸ் வீட்டுக்குப் போனது.

இத்தனை செய்துவிட்டு டிசம்பர் 23 அன்று மில்வாக்கியில் அதே பேக்கர்ஸிடம் 28–7 என்று தோற்றார்கள். 1969-லும் இப்படித்தான். மினசோட்டாவிடம் 23–20. டீக்கன் ராம்ஸில் இருந்த 11 பருவங்களில் அந்த அணி ஒரு பிளேஆஃப் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கோப்பை என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, அந்த 1967-ல் டீக்கன் மொத்தம் எத்தனை முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தார்? என்.எஃப்.எல். லீக் அலுவலகத்தின் ஏட்டைத் திறந்து பார்க்கலாம் என்று போனால், அந்தப் பத்தியே அங்கே இல்லை.

*

குவார்ட்டர்பேக் விழுந்தார், இத்தனை கெஜம் போயிற்று என்பதை மட்டும் அவருடைய அணியின் கணக்கில் எழுதிவைத்தார்கள். விழவைத்தவர் யார் என்று எழுதவில்லை. கிரிக்கெட் ஸ்கோர் புத்தகத்தில் பேட்ஸ்மேன் அவுட் என்று மட்டும் எழுதி, பவுலர் பெயரை விட்டுவிட்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் 1981 வரை நடந்தது. லீக் தனிநபர் சாக் கணக்கை அதிகாரப்பூர்வமாக ஆரம்பித்தது 1982-ல். டீக்கன் ஓய்வு பெற்று எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதை நிறவெறிக் கணக்கில் சேர்க்க முடியாது. டீக்கனுக்குப் பிறகு ராம்ஸின் அதே இடது ஓரத்தில் நின்ற ஜாக் யங்பிளட் வெள்ளையர். அவருடைய சிறந்த ஆண்டுகளும் இதே பள்ளத்தில்தான் விழுந்தன. பந்தை எறிபவரும் சுமந்து ஓடுபவரும் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்த காலம் அது. தடுப்பவரின் உழைப்பை எண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஏடு இல்லாத இடத்தில் வாய்மொழி வளரும். 1967-ல் 26 சாக், 1968-ல் 24 என்று பத்திரிகைகள் திரும்பத் திரும்ப எழுதின. நம்பியவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நம்பாதவர்கள் கட்டுக்கதை என்றார்கள். ரசிகர்களின் பெரும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது.

கொலிசியத்தில் அப்பாவோடு உட்கார்ந்து டீக்கனைப் பார்த்த தலைமுறைக்கு இதில் வாதத்துக்கே இடமில்லை. அவர்களுக்கு அவர்தான் முதல்வர். மற்றவர்கள் எல்லாம் வாரிசுகள்.

நியூயார்க் ரசிகர்கள் லாரன்ஸ் டெய்லரைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். 1981-ல் வந்தவர். 1986-ல் தடுப்பாட்டக்காரராக இருந்தும் லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருதை வாங்கியவர், இரண்டு சூப்பர் பவுல் கண்டவர். அவரைச் சமாளிக்க எதிரணிப் பயிற்சியாளர்கள் தங்கள் ஆட்ட அமைப்பையே மாற்றினார்கள். டீக்கனிடம் கோப்பை எங்கே என்று கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்கு ஒப்பவில்லை. தடுப்பவர் எதிரணியை நிறுத்தலாம், தன் அணிக்காகப் புள்ளி எடுத்துக்கொடுப்பது அவருடைய வேலை இல்லை. மில்வாக்கியில் ராம்ஸ் எடுத்தது ஏழே புள்ளி. அதற்கு டீக்கன் என்ன செய்வார்?

ரெஜி ஒயிட்டின் ரசிகர்கள் வைக்கும் வாதம் இதைவிட வலுவானது. 1987-ல் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஒயிட் ஆடியது வெறும் 12 ஆட்டம். அதில் 21 சாக். மொத்தம் 198. தலையில் அறையாமல், விதிக்கு உட்பட்டு, வெறும் பலத்தால் 300 பவுண்டு ஆட்களைத் தூக்கி நகர்த்தினார். டீக்கனின் அந்த அறையையோ 1977-ல் லீக் தடை செய்துவிட்டது. அவர் இன்று ஆடினால் ஒவ்வொரு ஆட்டத்திலும் அபராதம் வாங்கியிருப்பார் என்கிறார்கள்.

உண்மைதான். ஆனால் அந்த அறை அன்று எல்லாருக்கும் அனுமதிக்கப்பட்டிருந்தது. பலரும் அறைந்தார்கள், டீக்கன் ஆனவர் ஒருவர்தான். தவிர, அவருடைய பருவத்துக்கு 14 ஆட்டங்கள். இன்று 17. அன்று ஓடியே ஆடினார்கள், இன்று பந்தை எறிந்துகொண்டே இருக்கிறார்கள். குவார்ட்டர்பேக்குகள் அந்தக் காலத்தில் பந்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தார்கள், அதனால் சாய்ப்பது எளிது என்று எதிர்த்தரப்பு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இப்படி இரண்டு பக்கமும் வாதம் போகும். எண் கையில் இல்லாதவரை இது தீராது. அந்த எண்ணைத் தேடி இரண்டு பேர் புறப்பட்டார்கள்.

*

ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர். இருவரும் ஃபுட்பால் வரலாற்று ஆய்வாளர்கள். பழைய ஆட்டங்களின் குறிப்பேடுகளையும் அணிகள் சேமித்துவைத்த படச்சுருள்களையும் தேடித் தேடிப் பார்த்தார்கள். இந்த ஆட்டத்தில் இந்த நிமிடத்தில் விழவைத்தவர் யார், ஒருவரா இருவரா, இருவர் என்றால் ஆளுக்குப் பாதி என்று ஒவ்வொரு சாய்ப்பாக எழுதினார்கள். பல ஆண்டு உழைப்பு. யாரும் கேட்காத கணக்கு. 2021-ல் ப்ரோ ஃபுட்பால் ரெஃபரன்ஸ் என்ற புள்ளிவிவரக் களஞ்சியம் 1960-லிருந்து 1981 வரையிலான அந்தக் கணக்கை வெளியிட்டது.

டீக்கனின் ரசிகர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். 1967-க்கு எதிரே 26 இல்லை. 21.5 என்று இருந்தது. 1968-க்கு 24 இல்லை. 22.

கட்டுக்கதை உடைந்தது என்று சிலர் கைதட்டினார்கள். ஆனால் முழுப் பட்டியலையும் படித்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். 1964-லும் 22. 20 சாக்கைத் தொட்ட பருவங்கள் மூன்று. எல்லாம் 14 ஆட்டப் பருவங்கள். வாழ்நாள் மொத்தம் 173.5. ப்ரூஸ் ஸ்மித்தின் 200, ரெஜி ஒயிட்டின் 198 ஆகியவற்றுக்கு அடுத்து மூன்றாவது இடம். மைக்கேல் ஸ்ட்ரஹான் 2001 பருவத்தில் 22.5 எடுத்துச் சாதனை படைத்தபோது, கடைசி சாக்குக்கு குவார்ட்டர்பேக் பிரெட் ஃபார்வ் தானாகவே சரிந்துகொடுத்தார் என்று நாடே பேசியது. அதற்கும் 23 ஆண்டுகள் முன்பே டெட்ராய்ட்டின் அல் பேக்கர் தன் முதல் பருவத்தில் 23 எடுத்திருந்தார் என்பதும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

என் மதிப்பில் 26 என்ற மிகையைவிட 21.5 என்ற உண்மையே டீக்கனுக்குப் பெரிய கௌரவம். புகழ்ச்சியைச் சந்தேகிக்கலாம். ஆட்டம் ஆட்டமாக எடுத்த கணக்கை யாரும் அப்படித் தள்ளிவிட முடியாது.

லீக் இதை இன்றுவரை ஏற்கவில்லை. அதிகாரப்பூர்வ ஏடு 1982-லேயே தொடங்குகிறது. டீக்கனுக்கு லீக் மரியாதை செய்யாமல் இல்லை. 1980-ல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தது. 75-வது ஆண்டு, 100-வது ஆண்டு நிறைவுகளுக்காகத் தேர்ந்தெடுத்த எல்லாக் காலச் சிறந்த அணிகளிலும் அவர் இருக்கிறார். 2013 ஜூன் 3 அன்று 74-வது வயதில் அவர் மறைந்ததும், அந்த ஆண்டிலிருந்து அதிக சாக் எடுப்பவருக்கு 'டீக்கன் ஜோன்ஸ் விருது' என்று அவர் பெயராலேயே பரிசு கொடுக்கிறார்கள். ஆனால் அந்த விருதுக்குப் பெயர் தந்தவரின் அதிகாரப்பூர்வ சாக் கணக்கு காலி.

ஒரு செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே வலித்தது. ராம்ஸ் 1972-ல் அவரை சான் டியேகோவுக்குக் கொடுத்துவிட்டது. கடைசிப் பருவம் 1974, வாஷிங்டனில். கடைசி ஆட்டத்தில், விடைபெறும் மனிதருக்கு மரியாதையாக, ஒரு எக்ஸ்ட்ரா பாயின்ட்டை உதைக்கச் சொன்னார்கள். உதைத்தார், புள்ளி விழுந்தது. அந்த ஒரு புள்ளி லீக்கின் ஏட்டில் பத்திரமாக இருக்கிறது. 173.5 இல்லை.

1982-க்கு முன் ஒரே சீராகக் குறிக்கவில்லை, அதனால் ஏற்க முடியாது என்று சொல்கிறவர்கள் பேஸ்பாலைப் பார்க்கட்டும். கறுப்பர்கள் தனியே ஆட வேண்டியிருந்த நீக்ரோ லீக்குகளின் கணக்குகளும் சிதறித்தான் கிடந்தன. ஆய்வாளர்கள் தேடித் தொகுத்தார்கள். 2024-ல் மேஜர் லீக் பேஸ்பால் அவற்றைத் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. வாழ்நாள் பேட்டிங் சராசரியில் டை காப் முதலிடத்தை இழந்தார், ஜோஷ் கிப்சன் அங்கே ஏறினார். ஆட்டம் அதனால் கெட்டுப்போகவில்லை.

யார் பெரியவர் என்று கேட்டால், ஒட்டுமொத்த ஆட்டத்தில் ரெஜி ஒயிட் ஒரு படி மேலே என்பதே என் தீர்ப்பு. டெய்லருக்கும் டீக்கனுக்கும் நடுவே நான் டீக்கன் பக்கம். நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம். ஆனால் டீக்கனின் எண்ணை வெளியே நிறுத்திவிட்டு இந்த வாதத்தை நடத்துவது அநியாயம். என்.எஃப்.எல். அந்தக் கணக்கை ஏட்டில் ஏற்ற வேண்டும்.

*

டீக்கனுக்குத் தலையில் அறையக் கற்றுக்கொடுத்த ரோஸி கிரியர் என்ன ஆனார் என்று சொல்லவே இல்லையே? 1967 பருவம் தொடங்கும் முன்பே குதிகால் தசைநார் அறுந்தது, அத்தோடு ஆட்டம் முடிந்தது. அந்தப் பருவத்தில் அவர் இடத்தில் நின்றவர் ராஜர் பிரவுன். கிரியர் மறு ஆண்டு ஒரு தேர்தல் பிரசாரத்தில் மெய்க்காவலராகச் சேர்ந்தார். காக்க வேண்டியவர் வேட்பாளரின் மனைவி எத்தல் கென்னடி, அப்போது கர்ப்பிணி.

1968 ஜூன் 5, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். லாஸ் ஏஞ்சலீஸ் அம்பாசடர் ஹோட்டல். கலிஃபோர்னியாவில் வென்ற மகிழ்ச்சியில் பேசி முடித்த ராபர்ட் கென்னடி, சமையலறை வழியாக வெளியேறுகிறார். கூட்டத்தில் கிரியரும் எத்தலும் சற்றுப் பின்தங்கிவிடுகிறார்கள். முன்னால் துப்பாக்கி வெடிக்கிறது. கிரியர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகிறார். சுட்டவனைச் சிலர் மேசையோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கி இன்னும் அவன் கையில்தான் இருக்கிறது.

(தொடரும்)